கணித மேதை இராமானுஜன்



எண்களின் உலகில் தமிழருக்கு அழியாப் புகழ் தேடித் தந்தவர் சீனிவாச இராமானுஜன். இவர் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் துணிக்கடையொன்றில் கணக்கெழுதி வந்தார். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பசனைப் பாடல்கள் பாடுவார். வருவாய் போதாமையால், கல்லூரி மாணவர் சிலருக்குத் தம் வீட்டிலேயே தங்க இடமளித்தனர்.

வறுமையால் நேர்ந்த அவ்வேற்பாடே சிறுவனுக்கு நல்வாய்ப்பாயிற்று. இராமானுஜன் அம்மாணவர்களிடம் ஓயாது ஐயம் கேட்டார். அவர்கள் அறிந்த கணக்குகளைக் கற்று முடித்தபின், அவர்களுடைய நூல்களையும் வாங்கிப் படித்தார். 13 வயதிலேயே லோனி எழுதிய திரிகோண கணித நூலைக் கற்றுத் தேர்ந்தார்.

ஒருநாள் வகுப்பில் ஆசிரியர், எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும் என்று விளக்கினாராம். அப்படியாயின் சுழியைச் சுழியால் வகுத்தாலும் ஒன்றுதானா என்று இராமானுஜன் வினவினாராம். பங்கிடப் பழமும் இல்லை, பெறுவதற்கு ஆளும் இல்லை என்றால், ஆளுக்கு ஒன்று எவ்வாறு கிடைக்கும்? சிந்தித்துப் பாருங்கள்!

ஆயினும் அவர் வாழ்வில் துன்பங்கள் பல. கணிதம் ஒன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களைப் புறக்கணித்தமையால் கல்லூரித் தேர்வில் தோற்றார், உதவித்தொகையையும் இழந்தார். காகிதம் வாங்கப் பணமின்றிச் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்தார். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார்.

1913இல் தம் கண்டுபிடிப்புகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதி அனுப்பினார். அவற்றின் அருமையை உணர்ந்த ஹார்டி அவரை இங்கிலாந்துக்கு அழைத்தார். கடல் கடப்பது குற்றம் என்று அவர் சமூகத்தார் கருதிய காலம் அது. தாயார் முதலில் இசையவில்லை. பின்னர், தெய்வம் கனவில் தோன்றித் தடுக்கலாகாதெனப் பணித்ததாகக் கூறி விடைகொடுத்தார். 1914 மார்ச்சில் இராமானுஜன் கப்பலேறினார். 1918இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

அங்கு நோயுற்றிருந்தபோது, காண வந்த ஹார்டி தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண் என்றும் கூறினார். இராமானுஜன் உடனே மறுத்தார். இரு கன எண்களின் கூட்டுத்தொகையாக இருவகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அதுவே என்றார். 1728உடன் 1ஐயும், 1000உடன் 729ஐயும் கூட்டிப் பாருங்கள். சிராங்கூன் சாலையில் ஓடும் வண்டிகளின் எண்களிலும் இத்தகைய விந்தைகள் ஒளிந்திருக்கலாம்!

1919இல் தாயகம் திரும்பிய அவர், 1920 ஏப்ரல் 26ஆம் நாள் தம் 32ஆம் வயதில் மறைந்தார். அவர் நோட்டுப் புத்தகங்களை அறிஞர்கள் இன்றும் ஆராய்கின்றனர்.

பெற்றோர்களே! உழைத்துக் களைத்து வீடு திரும்பும் வேளையில் பிள்ளை ஏன், எப்படி என்று கேட்டால் சினந்து வாயடைக்காதீர்கள். விடை தெரியாதிருப்பது இழுக்கன்று. பள்ளி ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். நூலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கோமளத்தம்மாள் மகனுக்குக் கணிதம் கற்பிக்கவில்லை. கற்றோர் வந்து தங்க வீட்டில் இடந்தந்தார். அவ்வளவு நம்மாலும் இயலும்.

மாணவர்களே! கேளுங்கள், எல்லாப் பாடங்களையும் விரும்பிக் கற்றுக்கொள்ளுங்கள். வாழ்க! வளர்க!