ஒரே வீணையில் எல்லா ராகமும் வாசிக்கலாம்... 400 ஆண்டுகளுக்கு முன்பே வழி கண்ட தஞ்சை மன்னர்! யார் இந்த ரகுநாத நாயக்கர்?

எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்கள் பலர் கடையில் வாங்கியதை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. பிக்கப்பை மாற்றுவார்கள், ஒயரிங்கைப் பிரித்து மறுபடி போடுவார்கள், கூடுதலாக ஒரு ஸ்விட்ச் வைப்பார்கள். எதுக்கு இவ்வளவு மெனக்கெடல்? ஒரு பாட்டுக்கு மென்மையான ஒலி வேணும், அடுத்த பாட்டுக்குக் கூர்மையான ஒலி வேணும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

1954-ல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் 3 பிக்கப் இருந்தாலும், ஸ்விட்ச்சுக்கு 3 நிலைகள்தான். வாசிப்பவர்கள் அந்த ஸ்விட்ச்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே நிறுத்தி, புது ஒலிகளைக் கண்டுபிடித்தார்கள். 1977-ல் கம்பெனியே 5 நிலை ஸ்விட்ச்சைக் கொடுத்துவிட்டது.

ஒரே கருவி, ஆனால் அதில் எல்லாம் வாசிக்கணும். இதே சிக்கல் மின்சாரமே இல்லாத காலத்தில் தஞ்சாவூர் அரண்மனையிலும் இருந்தது. அங்கே கருவி கிட்டார் இல்லை, வீணை. மாற்ற வேண்டியிருந்தது ஒலியின் தன்மையை இல்லை, ராகத்தை. அதற்குத் தீர்வு தந்தவராக இசை வரலாறு சொல்லும் பெயர்தான் ரகுநாத நாயக்கர்.

யார் இந்த ரகுநாத நாயக்கர்?

விஜயநகரப் பேரரசின் கீழ் தஞ்சையை ஆண்டவர்கள் நாயக்கர்கள். அந்த வரிசையில் அச்சுதப்ப நாயக்கரின் மகன் ரகுநாதர். 1600-ல் ஆட்சிப் பொறுப்புக்கு வந்து, 1634 வரை காவிரி டெல்டாவை ஆண்டார்.

அது நிம்மதியான காலம் கிடையாது. 1614-ல் விஜயநகரப் பேரரசர் இரண்டாம் வேங்கடர் இறந்ததும் வாரிசுச் சண்டை வெடித்தது. அரச குடும்பத்தையே ஜக்கராயன் என்பவர் கொன்று குவிக்க, ராமதேவன் என்ற சிறுவன் மட்டும் தப்பினான். மதுரை நாயக்கரும் செஞ்சி நாயக்கரும் ஜக்கராயன் பக்கம். ரகுநாதர் சிறுவன் பக்கம். 1616-17 காலகட்டத்தில் கல்லணை அருகே தோப்பூரில் நடந்த போரில் ஜக்கராயன் கொல்லப்பட்டார். ராமதேவன் பேரரசர் ஆனான்.

1620-ல் தரங்கம்பாடியில் டென்மார்க் வணிகர்கள் கோட்டை கட்டிக்கொள்ள அனுமதி தந்தவரும் இவர்தான். இன்றும் கடற்கரையில் நிற்கும் டேனிஷ் கோட்டையின் தொடக்கம் அது.

போர்க்களத்துக்கு நடுவே வீணை எப்படி?

ரகுநாதர் வெறும் ரசிகர் இல்லை. தெலுங்கில் கவிதை எழுதியவர், வீணை வாசித்தவர். வால்மீகி சரித்திரம் என்ற தெலுங்குக் காவியம் அவர் எழுதியது. அவரது அவையில் ராமபத்ராம்பா, மதுரவாணி போன்ற பெண் கவிஞர்கள் சம்ஸ்கிருதத்தில் காவியம் படைத்தார்கள். ராமபத்ராம்பாவின் ரகுநாதாப்யுதயம் இந்த மன்னரின் கதையையே பாடுகிறது. கும்பகோணம் ராமசாமி கோயிலும் இவர் காலத்துப் பணிதான்.

இவருக்குப் பக்கபலமாக இருந்தவர் அமைச்சர் கோவிந்த தீட்சிதர். நிர்வாகம், சாஸ்திரம், சங்கீதம் மூன்றிலும் கரை கண்டவர். தஞ்சாவூரின் அய்யன்கடைத் தெரு இவர் பெயரால் வந்தது என்று சொல்வார்கள்.

அப்படி என்ன சிக்கல் வீணையில்?

வீணையின் தண்டியில் வரிசையாக இருக்கும் உலோகத் துண்டுகள்தான் மெட்டுகள். எந்த மெட்டின் மேல் தந்தியை அழுத்துகிறோமோ, அந்த ஸ்வரம் ஒலிக்கும்.

பழைய ஏற்பாட்டில், வாசிக்கப்போகும் ராகத்துக்கு என்ன ஸ்வரம் வேணுமோ அதற்கு மட்டும் மெட்டு வைப்பார்கள். இதற்கு ஏகராக மேளம் என்று பெயர். ராகம் மாறினால்? மெட்டுகளை நகர்த்தி, மறுபடி சுருதி பார்க்கணும். கச்சேரி நடுவே இது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொரு வழி, எல்லா ஸ்வரத்துக்கும் நிரந்தரமாக மெட்டு வைத்துவிடுவது. இது சர்வராக மேளம். இந்த யோசனை திடீரென்று தஞ்சையில் முளைத்ததில்லை. 1550-ல் விஜயநகரத்தில் ராமாமாத்யர் எழுதிய ஸ்வரமேளகலாநிதி நூலிலேயே இது பற்றிய பேச்சு வந்துவிட்டது. தஞ்சையில் அது கைக்கு வந்த கருவியாக நிலைபெற்றது.

ரகுநாதர் செய்தது என்ன?

ஒரு ஸ்தாயிக்கு 12 வீதம், இரண்டு ஸ்தாயிக்கு 24 மெட்டுகள். இவை நகராதபடி பதிக்கப்பட்டன. வாசிப்புக்கு 4 தந்திகள், பக்கவாட்டில் தாளத்துக்கு 3 தந்திகள். இன்று நாம் பார்க்கும் சரஸ்வதி வீணை, அதாவது தஞ்சாவூர் வீணையின் அமைப்பு இதுதான். ரகுநாத வீணை என்ற பெயரும் இதற்கு உண்டு.

மெட்டு அசையாது என்றால் நுட்பமான சுருதிகள் போய்விடாதா? இங்கதான் விஷயமே இருக்கு. மெட்டின் மேலேயே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஸ்வரம் மேலே ஏறும். இரண்டு மெட்டுக்கு நடுவே உள்ள ஒலியும், கமகமும் விரலில் வந்துவிடும். மெட்டு பொதுவானது, ராகத்தின் உயிர் விரலில். அவ்வளவுதான் சூட்சுமம்.

பெருமை மன்னருக்கா, அமைச்சருக்கா?

இதில் ஒரு சுவாரஸ்யமான முடிச்சு இருக்கு. சங்கீத சுதா என்ற இசை நூல் ரகுநாதர் பெயரில் உள்ளது. ஆனால் அதை எழுதியது தன் தந்தைதான் என்கிறார் கோவிந்த தீட்சிதரின் மகன் வேங்கடமகி. அதே வேங்கடமகி தன் சதுர்தண்டி பிரகாசிகையில் வீணை வகைகளைச் சொல்லும்போது, ஒரு வகையை மன்னர் பெயரிலேயே ரகுநாதேந்திர மேள வீணை என்று குறிப்பிடுகிறார். நூலில் அப்பாவுக்கு உரிமை கேட்டவர், வீணையில் மன்னரின் பெயரை மறைக்கவில்லை. இருவரும் சேர்ந்து வளர்த்த அவையில் பிறந்தது இது என்று எடுத்துக்கொள்வதே நியாயம்.

12 மெட்டில் இருந்து 72 மேளம்

ரகுநாதருக்குப் பின் அவர் மகன் விஜயராகவ நாயக்கர் காலத்தில் வேங்கடமகி ஒரு கணக்குப் போட்டார். சிம்பிளா சொன்னா, கிட்டாரில் ஸ்விட்ச் நிலைகளைச் சேர்த்துப் பார்ப்பது மாதிரி. ரி, க இரண்டும் சேரும் வகைகள் 6. த, நி சேரும் வகைகள் 6. மத்யமம் 2. பெருக்கினால் 6 x 6 x 2 = 72. கர்நாடக சங்கீதத்தின் 72 மேளங்கள் இந்தக் கணக்கில் வந்தவைதான். இந்த 72-ல் எதை எடுத்தாலும், மெட்டை அசைக்காமல் அதே வீணையில் வாசிக்கலாம்.

இன்று என்ன நிலை?

நாயக்கர் ஆட்சி 1673-ல் முடிந்தது. பிறகு மராட்டியர் வந்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள். வீணையின் அமைப்பு மட்டும் மாறவில்லை. தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

பலா மரத்தில் குடம் குடைவதும் தண்டி செதுக்குவதும் பாதி வேலைதான். தேன்மெழுகில் கரிப்பொடி கலந்து, அதன் மேல் 24 மெட்டுகளையும் காதால் கேட்டுக் கேட்டுப் பதிக்கணும். இதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். ஒரு மெட்டு இம்மி விலகினாலும் அந்த ஸ்வரம் வரும் அத்தனை ராகமும் தப்பும். நிலையான மெட்டு தரும் வசதிக்கான விலை இது. மெழுகு தளர்ந்தால் மறுபடி மேளம் கட்ட ஆள் வேண்டும். இப்போது மேடையில் பல வீணைகளில் பிக்கப் இருக்கு, ஆம்ப்ளிஃபயர் இருக்கு. ஆனால் தப்பாகப் பதிந்த மெட்டை எந்த ஒயரிங்கும் சரி செய்யாது. ரகுநாதரின் அமைப்பு நிலைத்திருப்பது, மேளம் கட்டத் தெரிந்த அந்தக் கைகளை நம்பித்தான்.