வரலாற்றுத் தராசில் புத்தர் பெருமான்

லும்பினியில் தோன்றி, 29ஆம் வயதில் இல்லறம் துறந்து, கயையில் போதி மரத்தடியில் ஞானம் எய்தி, 45 ஆண்டுகள் ஊர்தோறும் நடந்து அறம் உரைத்து, 80ஆம் வயதில் குசிநகரில் உடல் நீத்தவர் புத்தர் பெருமான். இது நாம் இளமை முதல் கேட்டறிந்த வரலாறு. ஆயினும், 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர் சிலர் இவ்வரலாற்றை ஐயுற்றனர். பிரெஞ்சு அறிஞர் செனார், புத்தர் சரிதத்தின் பெரும்பகுதி தொன்மையான சூரியக் கதையே என 1875இல் வாதிட்டார். ஐயுற்றாரைச் சினப்பதால் பயனில்லை. சான்றுகளை நிறுத்துப் பார்ப்பதே முறையாகும்.

முதற்சான்று கல்லில் உள்ளது. 1896இல் லும்பினியில் அசோகர் நாட்டிய தூண் வெளிப்பட்டது. முடிசூடிய 20ஆம் ஆண்டில் மன்னர் அங்கு நேரில் வந்து வழிபட்டதையும், சாக்கியமுனி பிறந்த இடமாதலின் அவ்வூரின் வரியைக் குறைத்ததையும் அது அறிவிக்கின்றது. இதனோடு வழக்கு முடிந்ததென்று மகிழ்தல் கூடாது. கோனாகமனர் என்னும் முற்காலப் புத்தரின் தூபியைத் தாம் பெரிதாக்கியதாகவும் அதே மன்னர் நிகாலி சாகர்த் தூணில் பொறித்துள்ளார். அந்தக் கோனாகமனரை வரலாற்று மனிதராக ஆய்வாளர் கொள்வதில்லை. புத்தர் மறைந்தது கி.மு. 544 என்பது இலங்கை மரபு, கி.மு. 400ஐ ஒட்டி என்பார் இக்கால ஆய்வாளர் பலர். எவ்வாறாயினும், தூணுக்கும் அவருக்கும் இடையே நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. ஆகவே, தூண் உறுதி செய்வது அசோகர் காலத்து நம்பிக்கையையே.

இரண்டாவது சான்று மாற்றாரிடமிருந்து கிடைக்கின்றது. பௌத்த நூல்கள் மகாவீரரை நிகண்ட நாதபுத்தர் என்று குறிக்கின்றன. பிம்பிசாரன், அஜாதசத்ரு என்னும் மகத மன்னர் இருவரையும் பௌத்தரும் சமணரும் தத்தம் நூல்களில் போற்றி உரிமை கொண்டாடுகின்றனர். புத்தரின் கொள்கையை மறுத்த பிற சமயத்தார், அவர் பிறக்கவே இல்லை என்று வாதிட்டதாக நாம் அறியோம்.

மூன்றாவது சான்றே நம் உள்ளத்தைத் தொடுவது. முதுகு நோவினால் பேச்சை நிறுத்திச் சாரிபுத்தரைத் தொடரச் செய்தார். உறவினனான தேவதத்தனாலேயே சங்கம் பிளவுபட்டது. சுந்தன் படைத்த உணவுக்குப்பின் நோயுற்று, வழியில் நீர் வேட்கையால் ஆனந்தரிடம் தண்ணீர் கேட்டார். இவற்றைப் பாலி நூல்களே கூறுகின்றன. தலைவரின் புகழை வளர்க்க முனைந்தோர் இத்தகைய செய்திகளைப் புனைந்திருப்பரோ?

தாயின் கனவில் வந்த வெள்ளை யானையும், பிறந்தவுடன் நடந்த ஏழடியும் இத்தராசில் நில்லா. தளர்ந்து வழியோரம் அமர்ந்த முதியவரோ நிற்கின்றார். அவர் நம்மிடையே வாழ்ந்த மனிதர் என்றே நாம் துணிகின்றோம். அதனால் அவர்பால் நாம் கொண்ட மதிப்புச் சிறிதும் குறையவில்லை.