மறதியை ஆராய்ந்த அல்சைமர்

அல்சைமர் என்றவுடன் நோய்தான் நமக்கு நினைவுக்கு வருகிறது. அப்பெயர் தாங்கிய மனிதரைப் பற்றி எழுதவே நான் இங்குப் புகுந்தேன்.

அலாய்ஸ் அல்சைமர் 1864இல் ஜெர்மனியில் மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரில் பிறந்தார். மருத்துவம் பயின்று, 1888இல் பிராங்பர்ட் மனநோய் மருத்துவமனையில் சேர்ந்தார். நோயாளிகளோடு பேசுவதும் நுண்ணோக்கியின் முன் அமர்வதுமே அவர் வாழ்க்கையாயிற்று. 1901இல் மனைவியை இழந்தார். அவ்வாண்டு நவம்பரில்தான் ஆகுஸ்தே டெட்டர் என்னும் அம்மையாரை அங்கே சேர்த்தனர். வயது 51. கணவர் பெயரைக் கேட்டால் தம் பெயரையே சொல்வார். தட்டில் இருக்கும் உணவுக்கு வேறு பெயர் சொல்வார். முதுமையில் மறதி இயல்பு என்று நாம் தள்ளிவிடுவோம். அவரோ முதியவர் அல்லர். அதனால் அல்சைமர் விடவில்லை. மூனிச்சுக்குப் பெயர்ந்த பின்னும் அவரை மறக்கவில்லை. 1906 ஏப்ரலில் அம்மையார் இறந்ததும் மூளையை வரவழைத்து, வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தார். நரம்பணுக்களுள் முறுக்கிய இழைகள். வெளியே திட்டுத்திட்டாய்ப் படிவுகள்! நவம்பரில் டூபிங்கன் அவையில் இதை எடுத்துரைத்தார். கேட்டோர் ஒரு கேள்வியும் எழுப்பவில்லையாம். 1910இல் கிரெப்பலின் தம் நூலில் நோய்க்கு அவர் பெயரை இட்டார். 1915இல் அல்சைமர் மறைந்தார். அவருக்கும் வயது 51.

அப்படிவு நோயின் காரணமா, வெறும் தடயமா? 2000இல் பிரிட்டனில் நோயாளிகள் 80 பேரைக் கொண்டு, படிவை அகற்றும் தடுப்பூசி ஒன்றை முதற்கட்டமாகச் சோதிக்கத் தொடங்கினர். முதற்கட்டத்தில் நோய் தீர்கிறதா என்பதைவிட, மருந்து ஆளைக் கெடுக்காதா என்பதே முதன்மையான கேள்வி. அடுத்த கட்டத்தில் சிலருக்கு மூளையழற்சி வரவே, 2002இல் ஊசியை நிறுத்தினர். முதற்கட்டத்தில் ஊசி பெற்றுப் பின்னர் மாண்டோருள் எண்மரின் மூளைகளை ஆராய்ந்த முடிவு 2008இல் வந்தது. இருவரிடம் படிவு ஏறக்குறைய முற்றும் மறைந்திருந்தது. நோயோ இறுதிவரை முற்றியே சென்றிருந்தது! படித்தபோது திகைத்துப்போனேன். எனினும் படிவைக் குற்றமற்றது என்று விட்டுவிடவும் முடியாது. அதை நீக்கும் லெக்கனெமாப் என்னும் மருந்து, தொடக்க நிலை நோயாளிகளிடம் நோயின் வேகத்தைச் சற்றே தணிக்கிறது. 2023இல் அமெரிக்கா அதற்கு முழு ஒப்புதல் தந்தது.

எண்மரின் வீட்டார் இசைந்திராவிட்டால் இவ்வளவும் தெரிந்திராது. அவ்வாறு மூளைகளைப் பெற்றுக் காத்து ஆய்வுக்கு வழங்கும் வங்கி நம் பெங்களூரிலும் உண்டு. ஆகுஸ்தேயைப் பற்றி அல்சைமர் எழுதிய குறிப்புகள் பிராங்பர்ட்டில் மீண்டும் கிடைத்த 1995ஆம் ஆண்டிலேயே, நிம்ஹான்ஸில் அது தொடங்கியது. அங்குள்ள காட்சியகத்தில் ஒரு மூளையைக் கையில் ஏந்திப் பார்த்தேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.