லேஸ் பின்னிய தாய்: புனித செலி மார்ட்டின்



குழந்தை தெரசம்மாளின் சுருபம் இல்லாத ஆலயங்கள் நம்மிடையே குறைவு. ரோஜா மலர்களோடு சிலுவையையும் அணைத்தபடி நிற்கும் அந்தப் புனிதையை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அவரைப் பெற்ற தாயைப் பற்றி நம்மில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்? செலி மார்ட்டின் மடத்தில் வாழ்ந்தவர் அல்லர். வீடு, தொழில், ஒன்பது பேறுகாலங்கள், நான்கு சிறிய கல்லறைகள், இறுதியில் மார்பகப் புற்றுநோய் என்று நமக்கெல்லாம் தெரிந்த பாதையிலே நடந்து புனிதரானவர். குடும்பத்தில் வாழும் நமக்கு மகளைவிடத் தாயே நெருக்கமானவர் என்றுகூடச் சொல்லலாம்.

பிரான்ஸ் நாட்டின் நார்மண்டிப் பகுதியில் 1831-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் செலி பிறந்தார். தந்தை படைவீரராக இருந்தவர். தாயோ மிகவும் கண்டிப்பானவர். ஒரு சிறு பொம்மைகூட இல்லாமல் கழிந்த தன் குழந்தைப் பருவத்தை, வளர்ந்த பிறகும் அவரால் மறக்க முடியவில்லை. இளம் வயதில் துறவியாக விரும்பி அலென்சோன் நகரில் இருந்த பிறரன்புச் சகோதரிகளின் இல்லத்தை அணுகினார். அவர்கள் ஏற்கவில்லை. அந்தக் கதவு அடைபட்டதும், திருமணம் செய்து இறைவனுக்காகப் பல பிள்ளைகளைப் பெற்று வளர்க்க வரம் கேட்டார்.

பிழைப்புக்கு வழி? 1851-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், அமல உற்பவ அன்னையின் திருநாளில் வேண்டிக்கொண்டபோது அவருக்கு வழி பிறந்தது என்பார்கள். அலென்சோன் நகரம் லேஸ் பின்னலுக்குப் பெயர்பெற்றது. ஊசியும் மெல்லிய நூலும் கொண்டு கையாலேயே செய்யும் நுணுக்கமான வேலை அது. பெண்கள் தத்தம் வீட்டில் சிறு சிறு துண்டுகளாகப் பின்னிக்கொண்டு வருவார்கள். வியாழக்கிழமைதோறும் செலி அவற்றை வாங்கிக்கொண்டு அடுத்த வேலையைக் கொடுப்பார். பின்னர் சன்னலோரம் அமர்ந்து, தையல் தெரியாதபடி அத்துண்டுகளைத் தாமே இணைப்பார். ஆர்டர் வந்தால் இரவு வெகுநேரம் வரை ஓய்வில்லை. வராவிட்டால் வேலைக்காரப் பெண்களுக்கு எதைக் கொடுப்பது என்ற கவலை. சொந்தத் தொழில் செய்யும் நம்மவர்களுக்கு இந்த இரண்டு பக்கத் தொல்லையும் நன்றாகவே புரியும்.

1858-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் நாள் நள்ளிரவில், அலென்சோன் மாதா ஆலயத்தில் கடிகாரம் செய்பவரான லூயி மார்ட்டினை மணந்தார். இருவரும் நாள்தோறும் அதிகாலை ஐந்தரை மணித் திருப்பலிக்குச் செல்வார்கள். மனைவியின் தொழில் பெருகியபோது, 1870-இல் லூயி தம் கடையை விட்டுவிட்டு அவருக்குத் துணையாக நின்றார். அக்காலத்தில் எத்தனை கணவர்கள் இதைச் செய்திருப்பார்கள்!

ஒன்பது பிள்ளைகளில் நால்வர் சிறுவயதிலேயே இறந்தனர். குருவாக வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பெற்ற ஆண் பிள்ளைகள் இருவரும் முதல் பிறந்தநாளைக்கூடக் காணவில்லை. 1870 பிப்ரவரியில் ஐந்து வயது எலேன் போனாள். அதே ஆண்டு ஆகஸ்டில் பிறந்த இன்னொரு பெண் குழந்தை, பாலூட்ட அமர்த்தப்பட்ட பெண்ணின் கவனக்குறைவால் அக்டோபரில் உயிரிழந்தது. அந்தக் குழந்தைகள் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களும் உண்டு. அந்தப் பேச்சைச் செலியால் தாங்க முடியவில்லை. பிள்ளைகள் தொலைந்துபோகவில்லை, விண்ணகத்தில் மீண்டும் காண்போம் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அழவில்லை என்பதல்ல, அழுதுகொண்டேதான் அதை நம்பினார்.

1873 ஜனவரி 2-ஆம் நாள் தெரேசா பிறந்தபோது, அந்தக் குழந்தையும் போய்விடுமோ என்ற நிலை வந்தது. செலிக்கோ பாலூட்ட முடியவில்லை. விடியற்காலையில் பக்கத்துக் கிராமத்திற்கு நடந்தே சென்று, பாலூட்டும் பெண்ணொருவரை அழைத்து வந்தார். இறந்ததுபோல் கிடந்த குழந்தை பால் குடித்துப் பிழைத்தது. ஓராண்டுக்கு மேல் அந்தக் கிராமத்திலேயே அதை விட்டு வளர்க்க வேண்டியதாயிற்று.

நோயின் அறிகுறி 1865-லேயே தெரிந்தது. மருந்தாளுநரான தம் தம்பி இசிதோருக்கு எழுதினார்; ஆனால் சிகிச்சை ஒன்றும் நடக்கவில்லை. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1876 டிசம்பரில் வலி மிகுந்து மருத்துவரிடம் சென்றபோது, அறுவைச் சிகிச்சைக்குக் காலம் கடந்திருந்தது. மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார் மருத்துவர். இதனால் என்ன பயன் என்று செலி கேட்க, நோயாளியின் மனத் திருப்திக்காகத்தான் என்று அவர் ஒப்புக்கொண்டார். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அப்படியே சொல்லிவிட்டார் செலி. வீடே அழுதது. மறுபடியும் லேஸ் வேலை தொடர்ந்தது.

இதற்கிடையே மூன்றாவது மகள் லெயோனி. நோஞ்சான், பிடிவாதக்காரி, படிப்பு ஏறாதவள், கன்னியர் பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவள். வீட்டுப் பணிப்பெண் ஒருத்தி அவளை மிரட்டி அடிமைபோல் நடத்திவந்தது, 1877-இல்தான் தாய்க்குத் தெரியவந்தது. கண்முன்னே நடந்தது தெரியாமல் போயிற்றே என்ற வேதனை எத்தகையது என்று பெற்றோராகிய நாம் அறிவோம். அன்றிலிருந்து லெயோனியைத் தம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அந்த மகளும் மெல்ல மெல்லத் தாயிடம் ஒட்டிக்கொண்டாள். சாகும் நேரத்தில் வாழ வேண்டும் என்ற ஆசை செலிக்கு வந்தது இவளுக்காகத்தான்.

1877 ஜூனில் மூத்த மகள்கள் மூவரையும் அழைத்துக்கொண்டு லூர்து நகருக்குப் புறப்பட்டார். தமக்குச் சுகம் கிடைக்காவிட்டால் லெயோனிக்காவது மனத்தைத் திறந்துவிட வேண்டும் என்பது மாதாவிடம் அவர் வைத்த விண்ணப்பம். பயணம் முழுவதும் தொல்லை. கீழே விழுந்து கழுத்தில் அடிபட்டது. மகள் பொலினின் செபமாலை தொலைந்தது. குளிர்ந்த நீரில் இறங்கினார், குணமாகவில்லை. ஏமாற்றத்தோடு வீட்டில் காத்திருந்த லூயி, கேட்ட வரம் கிடைத்தவர்போல் மலர்ந்த முகத்தோடு மனைவி திரும்பியதைக் கண்டு வியந்தார். புதுமை நடக்காத திருப்பயணத்திலிருந்து திரும்பியவர்கள் நம்மிடையே அதிகம். அவர்களுக்கு இந்தப் பக்கம் மிகவும் தேவை என்று நினைக்கிறோம்.

ஆகஸ்ட் மாதத் தலை வெள்ளியன்றும் தாங்க முடியாத வலியோடு ஆலயத்திற்குச் சென்றார். அதே மாதம் 28-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் இறந்தார். வயது 45. தெரேசாவுக்கு நாலரை வயதுதான்.

நான்கு மகள்கள் லிசியே நகர்க் கார்மேல் மடத்தில் சேர்ந்தார்கள். லெயோனி மட்டும் மூன்று முறை மடத்தில் சேர்ந்து மூன்று முறையும் வீடு திரும்பினார். நான்காம் முறையாக 1899-இல் கான் நகரின் மினவுதல் சபை மடத்தில் நுழைந்து, 1941-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். 2015 அக்டோபர் 18-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ், லூயியையும் செலியையும் தம்பதியராகச் சேர்த்துப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அதே ஆண்டில்தான் லெயோனிக்கும் இறை ஊழியர் என்ற பெயர் கிடைத்தது.