சரித்திரம் படித்து வருங்காலம் சொன்ன சர்தார் பணிக்கர்

திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் தமிழர்கள் லீவுக்கு நாகர்கோவில் பக்கம் புறப்பட்டால், பஸ் களியக்காவிளையை அடைந்ததும் மாநிலம் மாறிவிடும். இந்த எல்லை 1956 நவம்பர் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அதைச் சிபாரிசு செய்த கமிஷனின் மூன்று உறுப்பினர்களில் ஒருவர் மலையாளி. அவர்தான் சரித்திர ஆசிரியர் சர்தார் கே.எம்.பணிக்கர். உலக சரித்திரத்தைப் படித்து, இனி நடக்கப் போவதையும் சொல்லத் துணிந்தவர்.

கடல் கற்றுத் தந்த பாடம்

பணிக்கர் 1895 ஜூன் 3-ந் தேதி குட்டநாட்டில் காவாலம் என்ற கிராமத்தில் பிறந்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும், பிறகு ஆக்ஸ்போர்டிலும் படித்தார். அலிகாரில் ஆசிரியர், பத்திரிகை ஆசிரியர், பாட்டியாலா, பிகானீர் சமஸ்தானங்களில் மந்திரி என்று பல வேலைகள் பார்த்தார். ஆனால் எழுதுவதை மட்டும் விடவில்லை.

கேரளக் கரைக்கு வந்த போர்ச்சுகீசியரைப் பற்றி 1929-லும், டச்சுக்காரரைப் பற்றி 1931-லும் நூல்கள் வெளியிட்டார். தரையில் பெரும் படை வைத்திருந்த இந்திய மன்னர்கள் கடலைக் கோட்டை விட்டார்கள். அதனால் நாடே கைமாறியது என்பது அவர் கண்ட முடிவு. சுதந்திரம் வருமுன்பே, 1945-ல், இந்து மகா சமுத்திரம் பற்றி நூல் எழுதி, வருங்கால இந்தியாவுக்கு வலுவான கப்பற்படை வேண்டும் என்று வற்புறுத்தினார்.

1953-ல் வந்த நூலில் ஆசியா முழுவதையும் எடுத்துக்கொண்டார். 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்தது முதல் 1945 வரை ஒரே சகாப்தம், அது முடிந்துவிட்டது என்று எழுதினார். இந்த நூல் அவருக்கு உலகப் புகழ் தந்தது.

நள்ளிரவு அழைப்பு

1948-ல் சீனாவுக்கு இந்தியத் தூதராக அனுப்பப்பட்டார். கொரியப் போர் நடந்த சமயம், 1950 அக்டோபர் 3-ந் தேதி நள்ளிரவு தாண்டிய நேரத்தில் பிரதமர் சௌ என்-லாய் அவரை அழைத்தார். அமெரிக்கப் படை 38-வது அட்சரேகையைக் கடந்தால் சீனா போரில் இறங்கும் என்று தெரிவித்தார். பணிக்கர் உடனே டில்லிக்குத் தகவல் அனுப்பினார். அது வாஷிங்டனுக்கும் போய்ச் சேர்ந்தது. பணிக்கர் சீனாவின் பக்கம் சாய்ந்தவர் என்று நினைத்த அமெரிக்கர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அதே மாதம் சீனப் படை கொரியாவுக்குள் புகுந்தது.

ஆனால் அதே பணிக்கர் திபெத் விஷயத்தில் தவறினார். 1950-ல் சீனப் படை அங்கே நுழைந்தபோது, தூதர் ஏமாந்துவிட்டார் என்று சர்தார் படேல் நேருவுக்குக் கடிதம் எழுதினார். எல்லை விவகாரத்தை நாமாகக் கிளப்ப வேண்டாம் என்பது 1952-ல் பணிக்கர் சொன்ன யோசனை.

எல்லை வகுத்த கமிஷன்

1953 டிசம்பரில் அமைந்த மாநிலச் சீரமைப்புக் கமிஷனில் பசல் அலி, குன்ஸ்ரு ஆகியோருடன் பணிக்கரும் இடம்பெற்றார். தென் திருவிதாங்கூர்த் தமிழர்கள் நேசமணி தலைமையில் போராடிக் கொண்டிருந்த காலம் அது. 1954 ஆகஸ்டு 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து, உயிர்கள் பலியாயின.

1955 செப்டம்பரில் அறிக்கை வந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு என்று சிபாரிசு செய்தது. பிறந்த மண்ணின் தென்கோடி கைவிட்டுப் போகும் அந்த அறிக்கையில் பணிக்கரும் கையெழுத்திட்டார். தமிழர்கள் கேட்ட தேவிகுளம், பீர்மேடு கேரளத்துடன் நின்றன. அந்த வருத்தம் தமிழர்களுக்கு உண்டு. உத்தரப் பிரதேசம் அளவுக்கு மீறிப் பெரிது, பிரிக்க வேண்டும் என்றும் அவர் தனிக் குறிப்பு எழுதினார். அப்போது யாரும் கேட்கவில்லை. அவர் சொன்ன மாதிரி இல்லாவிட்டாலும், 2000-ல் அதன் மலை மாவட்டங்கள் தனி மாநிலமாயின.

1962 அக்டோபரில் சீனப் படை இந்திய எல்லையைத் தாண்டியது. பணிக்கர் தம் கணிப்பு பொய்த்ததைக் கண்ணால் பார்த்தார். மறு ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி, மைசூர் சர்வகலாசாலைத் துணைவேந்தராக இருந்தபோதே காலமானார். நானூறு ஆண்டுச் சரித்திரத்தில் எதிராளியின் நோக்கத்தைச் சரியாகப் படித்தவருக்கு, எதிரில் உட்கார்ந்து பேசியவரின் நோக்கம் பிடிபடவில்லை. ஆனாலும் கடலைப் பற்றி அவர் சொன்னதை நாடு மறக்கவில்லை.