உடம்பு முடியாமல் போனாலும் டாக்டர் சீட்டை விடாத பெண்... யார் இந்த ஆனந்திபாய் ஜோஷி?

வயது 18. ஓயாத தலைவலி, அடிக்கடி காய்ச்சல், சில நேரம் மூச்சு வாங்கும். இந்த உடம்போடு, கணவர்கூட துணைக்கு இல்லாமல், 1883 ஏப்ரலில் கல்கத்தாவில் அமெரிக்கக் கப்பலில் ஏறினார் ஒரு மராத்தியப் பெண். டாக்டருக்குப் படிக்கத்தான் போகிறார். ஆனா, எந்தக் கல்லூரியிலும் இடம் உறுதியாகவில்லை!

அவர்தான் ஆனந்திபாய் ஜோஷி. மேற்கத்திய மருத்துவத்தில் பட்டம் வாங்கிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர்.

டாக்டர் ஆசை எப்படி வந்தது?

மும்பைக்குப் பக்கத்தில் இருக்கும் கல்யாணில், 1865 மார்ச் 31-ம் தேதி பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் யமுனா. 9 வயதில் கல்யாணம். கணவர் கோபால்ராவ் ஜோஷி தபால் துறை எழுத்தர், மனைவியை இழந்தவர், வயதிலும் மிகவும் மூத்தவர். ஆனந்தி என்ற பெயர் அவர் வைத்ததுதான்.

கோபால்ராவ் ஒரு விசித்திரமான மனிதர். மனைவி படித்தே ஆகணும் என்பதில் அவ்வளவு பிடிவாதம். பாடத்தை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனால் அடி விழும். அந்தக் காலத்தில் சமைக்காததற்காக மனைவியை அடித்தவர்கள் உண்டு. இவர் படிக்காததற்காக அடித்தார்.

14 வயதில் ஆனந்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. பத்தே நாளில் இறந்துபோனது. சரியான வைத்தியம் கிடைத்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்ற எண்ணம் அவரை விடவே இல்லை. ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்டக் கூசி, நோயை மறைத்தே செத்துப்போன பெண்கள் அன்றைக்கு ஏராளம். பெண்களுக்குப் பெண் டாக்டர் வேண்டும் என்று முடிவு செய்தார்.

பல் டாக்டர் வீட்டில் கிடைத்த அக்கா

ஆனந்தியை அமெரிக்காவில் படிக்க வைக்க உதவி கேட்டு, மிஷனரி ராயல் வைல்டருக்கு கோபால்ராவ் கடிதம் எழுதினார். மதம் மாறினால் உதவலாம் என்பது பதில். இருவருமே மறுத்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கடிதப் போக்குவரத்தை வைல்டர் தன் பத்திரிகையில் வெளியிட்டார்.

நியூஜெர்சி மாநிலம் ரோஸல் ஊரைச் சேர்ந்த தியோடிசியா கார்பென்டர், பல் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது அதைப் படித்தார். மனசு கேட்கவில்லை. ஆனந்திக்குக் கடிதம் போட்டார். முகம் பார்க்காமலேயே இருவரும் உறவாகிவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் ஆனந்தியின் உடம்பு படுத்த ஆரம்பித்தது. தியோடிசியா அமெரிக்காவிலிருந்து மருந்து அனுப்பிப் பார்த்தார். பலன் இல்லை. கோபால்ராவோ, உடம்பு சரியாகும்வரை காத்திருக்கத் தயாராக இல்லை. தனியாகவே போ என்றார். முதலில் தயங்கிய ஆனந்தி, பிறகு சம்மதித்தார்.

ஏன் சென்னையில் சேரவில்லை?

நியாயமான கேள்வி. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டது. 1883-ல் வங்காளத்தின் செராம்பூர் கல்லூரியில் பேசியபோது, ஆனந்தியே இதைத் தொட்டுப் பேசினார். சென்னையில் கல்லூரி இருக்கிறது, ஆனால் பெண்களுக்கான பயிற்சி முழுமையாக இல்லை, சொல்லிக்கொடுப்பவர்களும் பழைமைவாதிகள் என்பது அவர் கணிப்பு. போகும்போதும் இந்துதான், வரும்போதும் இந்துதான் என்றும் உறுதி கொடுத்தார்.

சீட் எப்படிக் கிடைத்தது?

ஜூன் மாதம் அமெரிக்கா சேர்ந்து, தியோடிசியா வீட்டில் தங்கினார். அங்கிருந்தே பிலடெல்பியாவில் உள்ள பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். கல்லூரி கேட்கும் தகுதி முழுதாகத் தனக்கு இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. ஆண் டாக்டரிடம் போக மறுக்கும் தன் நாட்டுப் பெண்களின் நிலையைச் சொல்லி, இடம் கேட்டார். கல்லூரித் தலைவர் ரேச்சல் பாட்லி சேர்த்துக்கொண்டார்.

ஆனால் உடம்பு இன்னும் மோசமானது. பிலடெல்பியா குளிர், பழக்கமில்லாத சாப்பாடு, இரண்டுமே ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் காசநோய் பற்றிக்கொண்டது. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோச் கண்டுபிடித்ததே 1882-ல்தான். எக்ஸ்ரே வந்தது 1895-ல். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்துக்கு 1943 வரை காத்திருக்க வேண்டும். அதாவது, ஆனந்தி படித்த மருத்துவத்திடம் அவருடைய நோய்க்கு மருந்தே இல்லை.

இத்தனைக்கும் நடுவில் 1886 மார்ச் 11-ம் தேதி பட்டம் வாங்கினார். ஆய்வுக் கட்டுரை, இந்துக்களின் பிரசவ மருத்துவம் பற்றியது. விழாவுக்கு கோபால்ராவும், உறவினரான பண்டித ரமாபாயும் வந்திருந்தார்கள். அதே ஆண்டில்தான் கல்கத்தாவில் காதம்பினி கங்குலியும் டாக்டரானார்.

அப்புறம் என்ன ஆனது?

கோலாப்பூர் ஆல்பர்ட் எட்வர்டு மருத்துவமனையின் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பாளர் வேலை காத்திருந்தது. 1886 கடைசியில் ஊர் திரும்பியவரை மக்கள் கொண்டாடினார்கள். ஆனால் வேலையில் சேர உடம்பு விடவில்லை. 1887 பிப்ரவரி 26-ம் தேதி புனேயில் இறந்தார். 22-வது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் மிச்சம் இருந்தது.

கொஞ்ச நாள் தள்ளிப்போட்டு, உடம்பைத் தேற்றிக்கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பாரா? யாராலும் சொல்ல முடியாது. தள்ளிப்போட்டிருந்தால் கிளம்பியே இருக்க மாட்டார் என்பதற்கும் வாய்ப்பு உண்டு. படிக்க வைத்தே தீருவேன் என்ற கணவரின் பிடிவாதம்தான் அவரைக் கல்லூரிவரை கொண்டுபோனது. உடம்பு தேறும்வரை பொறுக்காததும் அதே பிடிவாதம்தான்.

அவருடைய அஸ்தி தியோடிசியாவுக்கு அனுப்பப்பட்டது. நியூயார்க் மாநிலம் பூகீப்ஸியில், கார்பென்டர் குடும்பத்தினரின் கல்லறைகளுக்கு நடுவே அது அடக்கம் செய்யப்பட்டது. வெள்ளிக் கோளில் உள்ள ஒரு பள்ளத்துக்கு இன்று ஜோஷி என்று பெயர். ஒரு நோயாளிக்குக்கூட ஊரில் வைத்தியம் பார்க்க முடியாமல் போன டாக்டரின் பெயர் அது.