அனுபவம் எத்தனை மணி நேரம்?

டிப்ளமோ முடிச்சு வேலைக்குப் போனா முதல் கேள்வி என்ன? எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா என்பதுதான். விமான உலகிலும் இதே கதைதான். புதிதாக உரிமம் வாங்கிய பைலட் ஒருவர் இரட்டை எஞ்சின் விமானத்துக்கு இன்சூரன்ஸ் கேட்டால், மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறார், அதில் இரட்டை எஞ்சினில் எவ்வளவு என்றுதான் கம்பெனி பார்க்கும். குறைவென்றால் பிரீமியம் ஏறும். பயிற்சியாளரோடு பறந்துவிட்டு வரவும் சொல்லும். காரணம் உண்டு. ஒரு எஞ்சின் நின்றால், ஓடும் எஞ்சின் விமானத்தை ஒரு பக்கமாகத் திருப்பும். வேகம் குறைவதற்குள் ரட்டரை மிதித்துச் சமாளிக்கணும். பழக்கமில்லாதவருக்கு அந்த இரண்டாவது எஞ்சினே எமன்!

இதைப் படித்ததும் எனக்கு எமி ஜான்சன் ஞாபகம்தான் வந்தது.

1903-ல் இங்கிலாந்தின் ஹல் நகரில் மீன் வியாபாரியின் மகளாகப் பிறந்தவர். லண்டனில் வழக்கறிஞர் அலுவலக டைப்பிஸ்ட். 1929-ல் பைலட் உரிமம் வாங்கினார். அதோட விடலை. மெக்கானிக்குகளோடு கிரீஸும் கையுமாக நின்று, அதே ஆண்டு தரைப் பொறியாளர் உரிமமும் பெற்றார். அதைப் பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண் அவரே!

1930-ல் ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறக்கத் துணிந்தார். கையிலிருந்த அனுபவம் சுமார் 85 மணி நேரம். யார் நம்புவார்கள்? பலர் கைவிரித்தார்கள். கடைசியில் அப்பாவும் எண்ணெய்க் கம்பெனி அதிபர் வேக்ஃபீல்ட் பிரபுவும் பணம் தர, பழைய ஜிப்சி மாத் விமானம் ஒன்று வாங்கினார். ஒற்றை எஞ்சின்தான். மே 5-ல் கிளம்பியவர், ரங்கூன் அருகே இன்சீனில் விளையாட்டு மைதானத்தில் இறங்கிப் பள்ளத்தில் விழுந்தார். இறக்கை போச்சு! சரிசெய்ய உதவியவர்கள் யார் தெரியுமா? அங்கிருந்த தொழில்நுட்பக் கல்லூரிக்காரர்கள். நம்ம இனம்! மே 24-ல் டார்வின் சேர்ந்தார். தனியாக ஆஸ்திரேலியா சென்ற முதல் பெண் ஆனார்.

பிறகு இரட்டை எஞ்சின் விமானங்களிலும் பறந்தார். 1933-ல் கணவரோடு அட்லாண்டிக்கைக் கடந்து, அமெரிக்காவில் இருட்டில் இறங்கும்போது விபத்து, இருவரும் பிழைத்தார்கள். 1941 ஜனவரி 5-ல், போர்க்கால விமானம் ஒன்றைக் கொண்டுபோகையில், மோசமான வானிலையில் தேம்ஸ் முகத்துவாரத்தில் விழுந்து மறைந்தார். அதுவும் இரட்டை எஞ்சின். வயது 37. அனுபவசாலியையும் வானம் விடவில்லை.

ஆகவே மணிக்கணக்கு கேட்கும் கம்பெனி மேல் கோபப்பட நியாயமில்லை. ஆனால் எமியை டார்வின் வரை கொண்டுசேர்த்தது அந்த 85 மணி மட்டுமல்ல. ஹேங்கரில் அழுக்கான கைகளும்தான். ஒர்க்ஷாப் பீரியடை கட் அடிக்கும் நண்பர்கள் கொஞ்சம் யோசிக்கலாமே!